என் அப்பாவைப் பற்றி மகள் கட்டிய இணையப் பக்கம்

1

ஜெர்மனிக்கு வந்து குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணை வளர்த்து, இந்த ஊர் பாஷையில் பேருந்து ஓட்டுநரிடம் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஆனாலும் அரசாங்க முத்திரை குத்திய உறை ஒன்று தபால் பெட்டியில் கிடந்தால் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பிரிப்பேன். பிரித்துப் பார்த்தால் குப்பைத் தொட்டியின் நிறம் மாறுகிறது என்று நகராட்சி எழுதியிருக்கும். அது தெரிகிறவரை நான் மூச்சு விடுவதில்லை.

காஞ்சிபுரத்தில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் வந்தது குப்பைத் தொட்டிக் கடிதம் இல்லை.

நான் ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்கிறேன். கருவிகளைக் கழுவி, கொதிநீராவிப் பெட்டியில் வைத்து எடுப்பது என் பொறுப்பு. அன்று காலை கையுறையோடு நிற்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. மகள் நிலாவின் வகுப்பாசிரியை எழுதியிருந்தார். நிலா செய்துகொண்டிருக்கும் இணையப் பக்கத்தைப் பொதுவில் திறப்பதற்கு முன் உங்களிடம் நேரில் பேச வேண்டியிருக்கிறது, வியாழக்கிழமை வர முடியுமா, பேச வேண்டியது உங்கள் சிறுவயதைப் பற்றிய ஒரு பகுதி.

என் சிறுவயதைப் பற்றி இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன தெரியும்? யார் சொன்னது? சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணன். சொல்லிவிட்டார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துபோயிற்று.

கையுறைக்குள் விரல்கள் வேர்த்து வழுக்கின. ஒரு தட்டுக் கருவிகளைக் கீழே போட்டுவிட்டேன். மருத்துவர் எட்டிப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதற்குப் பதில் நன்றி என்று சொன்னேன். பயம் வந்தால் எனக்கு முதலில் போவது இந்த ஊர் பாஷைதான்.

2

இந்தத் திட்டப்பணி எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

இங்கே பிள்ளைகளைக் கட்டுரை எழுது என்று விட்டுவிடுவதில்லை. 'என் குடும்பத்தில் ஒரு தொழில்' என்று தலைப்பு கொடுத்து, அதற்கு ஓர் இணையப் பக்கத்தையே கட்டச் சொல்லிவிட்டார்கள். படம் எடுக்க வேண்டும், குரல் பதிய வேண்டும், வெட்டி ஒட்ட வேண்டும், எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதும் ஒவ்வொரு வரிக்கும் 'இது எப்படித் தெரியும்' என்று பதில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதிவிட்டு, ஏன் வேறுபடுகிறது என்று தேட வேண்டும்.

பதினான்கு வயதுப் பெண்ணிடம் இப்படி ஓர் ஆயுதத்தைக் கொடுத்தால் வீடு என்ன ஆகும்? பருப்பு வெந்துவிட்டது என்றால், "எப்படித் தெரியும்?" அப்பா வர நேரமாகும் என்றால், "யார் சொன்னாங்க?" என் கணவர் சேகருக்கு இது ஒரே வேடிக்கை. "போலீஸ்காரியைப் பெத்து வெச்சிருக்கோம்டி" என்பார். அவர் ஏனாத்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். போலீஸ் என்ற சொல்லை விளையாட்டாகச் சொல்ல அவரால் முடிகிறது.

உண்மையில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏழெட்டு வயதிலிருந்தே நிலா, நான் தமிழில் கேட்டால் ஜெர்மன் மொழியில் பதில் சொல்கிறவள். ஊருக்குப் போனால் இரண்டாம் நாளே வைஃபை எங்கே என்று கேட்பவள். அவளே மாமாவைக் கூப்பிட்டுத் திக்கித் திக்கித் தமிழில் பேசினாள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பேசியைத் தறிமேல் சாய்த்து வைத்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும் சத்தம், கால்மிதி அமுங்கும் சத்தம், மேலே டிசைன் அட்டை புரளும் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பதிய வைத்தார். அந்தச் சத்தங்களைச் சேர்த்து நிலா ஓர் இசைபோலப் பக்கத்தின் தொடக்கத்தில் வைத்தாள். முதல்முறை கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்க மாட்டேன்.

பிறகு ஒருநாள் சமையலறையில் ஒலிவாங்கியை என் முன்னால் வைத்தாள்.

"அம்மா, நீ சின்ன வயசுல தறியில வேலை செஞ்சியா?"

"இல்லையே" என்றேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. "நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், அவ்வளவுதான். தறிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை."

அவள் தலையாட்டிப் பதிவை நிறுத்தினாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

3

காஞ்சிபுரச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமும் இருக்கிறதே, அந்த இரண்டையும் நெய்யும்போதே இழையோடு இழை கோர்க்க வேண்டும். அதற்குப் பெயர் கோர்வை. ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்வது சிரமம். நெய்பவர் நடுவில் இருக்க, ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்குரிய நாடாவை வாங்கிப் போட வேண்டும். அந்த இன்னொருவருக்குப் பலம் வேண்டாம், சின்ன விரலும் தூங்காத கண்ணும் போதும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அது ஒரு பிள்ளையாக இருந்த காலம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அது நான்.

அண்ணனுக்கு விரல் தடித்துவிட்டது என்று அப்பா என்னை உட்கார வைத்தார். எட்டு வயது. காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும், வந்த பின்னும். கல்யாண மாதங்களில் பள்ளிக்கூடமே கிடையாது.

பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று சோதிக்க அதிகாரிகளின் ஜீப் வரும். எந்த நாள் வரும் என்று யாருக்கும் தெரியாது. தெருமுனையில் நூலுக்குச் சாயம் போடுகிறவர் முதலில் பார்ப்பார். ஒரு விசில். அவ்வளவுதான், பிள்ளைகள் எல்லாம் பின்வாசல் வழியாக ஓட்டம். எங்கே என்றால் கைலாசநாதர் கோயில். அங்கே சுற்றுமதிலை ஒட்டிச் சின்னச் சின்னச் சன்னதிகள் வரிசையாக இருக்கும், ஒரு பிள்ளை குந்தினால் சரியாக அடங்கும். ஒவ்வொன்றிலும் ஒருவராகப் புகுந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டு கிடப்போம். வெளியூர்க்காரர்கள் அந்தக் கோயிலைச் சிற்பத்துக்காகப் பார்க்க வருகிறார்கள். எனக்கு அங்கே மணற்கல்லின் வாசனை வந்தாலே சிறுநீர் முட்டும்.

ஓட முடியாமல் மாட்டிக்கொண்டால் சொல்ல வேண்டியதும் எங்களுக்கு மனப்பாடம். அம்மாதான் சொல்லிக் கொடுத்தாள். "அப்பாவுக்குச் சோறு கொண்டாந்தேன்னு சொல்லு. தறிப் பக்கமே போனதில்லன்னு சொல்லு. இன்னா கேட்டாலும் அதையே சொல்லு."

ஒருநாள் விசில் சத்தம் கேட்கவில்லை. மழை. நான் தறியோரத்திலிருந்து எழுந்து நிற்பதற்குள் அதிகாரி உள்ளே வந்துவிட்டார். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து என் வலது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நுனியில் எல்லாம் அரக்குச் சாயம். என்னிடம் ஒன்றும் கேட்காமல் அப்பாவைப் பார்த்து, "வாய்யா, வண்டியில ஏறு" என்றார்.

அப்பா சட்டை போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார். எனக்கு அந்த நாளில் மறக்காதது அதுதான், தன் வீட்டில் தன் சட்டையைப் போட அவர் கைகட்டி அனுமதி கேட்டது. சாயங்காலம் திரும்பி வந்தார். மறுநாள் அம்மா என் இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் அம்மாவுக்கு முதுகு போயிற்று, மறுபடியும் நான் உட்கார்ந்தேன்.

4

வியாழக்கிழமைக்குள் நான் என்னென்ன நினைத்தேன் என்று சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பீர்கள். சிறுவயதில் வேலைக்குப் போனவள் தன் பிள்ளையை எப்படி வளர்ப்பாள் என்று விசாரிக்க வருவார்கள். வீட்டைப் பார்ப்பார்கள், நிலா பாத்திரம் கழுவுவதைக்கூடக் குறித்துக்கொள்வார்கள். அண்ணன் பெயரும் முகமும் தெருவும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன, உலகம் முழுவதும் பார்க்கும், அங்கேயும் யாராவது கதவைத் தட்டுவார்கள். இதையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதைச் சேகரிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் அப்பாவின் படம் இருந்தது, கல்யாணத்தில் எடுத்த, பட்டு வேட்டி கட்டிய படம். அதற்குக் கீழே என் மகள் என்ன எழுதுவாள்? பிள்ளையை வேலைக்கு விட்டவர் என்று எழுதுவாள். அது பொய்யும் இல்லை. செத்துப்போன மனிதரை இன்னொரு முறை வண்டியில் ஏற்றுவதற்கு நானே ஒருத்தியைப் பெற்று வளர்த்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இன்னா செல்வி, வேல நேரத்துல கூப்புடற? எல்லாம் நல்லா இருக்குது இல்ல?"

"நிலாகிட்ட என்னண்ணா சொன்னே?"

"பாப்பா எவ்ளோ அழகா கேள்வி கேக்குது தெரியுமா? மாமா, நீங்க எந்த வயசுல உக்காந்தீங்கன்னுச்சு. நான் சொன்னேன், எனக்கு ஒம்போது, உங்கம்மா எட்டு வயசுலயே கோர்வைக்கு உக்காந்துக்கினு எனக்கு மேல வேகமா நாடா போடுவான்னு. ஜீப்பு வந்தா மொதல்ல ஓடறதும் அவதான்னு சொன்னேன். ஒரே சிரிப்பு."

"சிரிப்பா? இங்க பள்ளிக்கூடத்துல கூப்பிட்டு விட்டிருக்காங்க. இது வெளிநாட்டு கவர்மெண்ட்டுண்ணா. உன் பேரு, உன் மூஞ்சி எல்லாம் அதுல இருக்கு. நாளைக்கு அங்க நெசவாளர் சொஸைட்டிக்கு யாராவது எழுதிப் போட்டா என்ன பண்ணுவே? அப்பா பேரு என்ன ஆகும்?"

அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றிருந்தது.

"அதெல்லாம் பழைய கதைம்மா" என்றார் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. "இப்ப எனக்குக் கோர்வைக்கு உக்கார்றது உங்க அண்ணிதானே? எவன் வந்து பாத்தாலும் அதான் இருக்குது."

"பழைய கதையோ புதுக்கதையோ, எதுக்கு வம்பு?"

"சரி, சரி. நீ பயப்படாத. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்த பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

5

மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது நிலா கணினி முன்னால் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். பேசியதை அவள் பதிந்திருந்தாள். போட்டுக் காட்டினாள்.

"பாப்பா, மாமா அன்னிக்கு சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். உங்கம்மா தறிப் பக்கமே போனதில்ல. தாத்தாவுக்குச் சோறு கொண்டாருவா, அவ்ளோதான். அத எடுத்துடு கண்ணு."

ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். தெருவில் யாருக்கும் தலை குனியாதவர். அவர் வாயிலிருந்து அம்மா சொல்லிக் கொடுத்த அந்த வார்த்தை ஓர் எழுத்து பிசகாமல் வந்தது. ஜீப் வரவில்லை. விசில் அடிக்கவில்லை. இங்கிருந்து போன் போட்டு அவரை ஓட வைத்தது நான்.

"மாமா பொய் சொல்றாரு" என்றாள் நிலா. "முதல்ல சொன்னது இல்ல, இதுதான் பொய்."

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். என் வாயிலும் அதே கேள்வி.

"கேட்டுப் பாரு." இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டாள். முதலாவதில் அவர் சிரிக்கிறார், இடையில் நாடா ஓடுகிறது, சொன்ன ஒரு வார்த்தையைத் திருத்தித் திரும்பச் சொல்கிறார். இரண்டாவதில் தறிச் சத்தமே இல்லை. தெருவில் எங்கோ நின்று பேசுகிறார், மூச்சு வாங்குகிறது. "யாரோ அவரைப் பயமுறுத்தியிருக்காங்கம்மா. யாருன்னு தெரியல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆசிரியை காபி கொடுத்தார், "காபி குடுத்துப் பேசி அனுப்புவாங்க, அவ்வளவுதான்" என்று சேகர் சொல்லி அனுப்பியபடியே. நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன். அவர் ஒரு தாளை நகர்த்தினார். நிலாவின் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறது, நான் உயிரோடு இருப்பவள், ஆகவே அதை வெளியிடலாமா கூடாதா என்று சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கிறது, வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள், காரணம் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். விசாரணையும் இல்லை, வண்டியும் இல்லை.

சந்தோஷப்பட வேண்டும், இல்லையா? எனக்கு இன்னும் அதிகமாகப் பயமாகிவிட்டது. இதுவரை யாரோ வந்து என்னைக் கேட்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். இப்போது முடிவு என் கையில்.

"முதலில் படித்துப் பாருங்கள்" என்று அவர் திரையைத் திருப்பினார்.

அப்பாவின் படத்துக்குக் கீழே நிலா ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தாள். நான் மெதுவாகத்தான் படித்தேன். 'இவர் என் தாத்தா. என் அம்மா எட்டு வயதில் இவரோடு நெய்தாள் என்று மாமா சொன்னார். பிறகு இல்லை என்றார். அம்மாவும் இல்லை என்கிறாள். தாத்தா செய்தது தவறா என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி என் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் எதற்கோ பயப்படுகிறாள். என்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறாளோ என்று நினைக்கிறேன்.'

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். மொழி தெரியாமல் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று ஆசிரியையிடம் கேட்டேன். சரியாகத்தான் படித்தீர்கள் என்றார்.

6

அன்றே சாயங்காலம் சமையலறை மேசையில் ஒலிவாங்கியை நானே எடுத்து வைத்தேன். சேகர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நிலா பதிவைத் தொடங்கினாள்.

சொன்னேன். கோர்வை, விசில், கோயில் மதில், அதிகாரி என் விரலைத் திருப்பிப் பார்த்தது, அப்பா சட்டைக்கு அனுமதி கேட்டது. பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுந்து அடி வாங்கியது. என் கை வேகத்தைப் பார்த்து அப்பா "என் தங்கம்" என்று சொன்ன அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை. எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன், அவளுக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி சொன்னேன். மாமாவுக்குப் போன் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். முன்பே தெரிந்திருக்கிறது.

முடித்துவிட்டேன் என்று நினைத்தபோது அவள் கேட்டாள்:

"நான் அங்க பொறந்து, எனக்கு எட்டு வயசு ஆகியிருந்தா, என்னை உக்கார வெச்சிருப்பியா?"

எவ்வளவோ அதிகாரிகளைக் கற்பனை பண்ணிப் பயந்திருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது தயாராக நாக்கின் நுனியில் இருந்தது. அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. என் அம்மாவுக்கு முதுகு போன நாள் ஞாபகம் வந்தது. சேலை பாதியில் நின்றுகொண்டிருந்தது, அதைக் கேட்டிருந்த வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், அப்பா தறியருகே நின்று என்னைக் கூப்பிடவும் முடியாமல் கூப்பிடாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார். அவர் இடத்தில் நான் நின்றால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"உக்கார வெச்சிருப்பேன்" என்றேன்.

நிலா அழவில்லை. எழுந்து போகவும் இல்லை. காதில் மாட்டியிருந்த ஒலிகேட்பானைக் கழற்றாமலே பதிவைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டுக் கேட்டாள். கடைசி பதில் வந்ததும் நிறுத்தினாள்.

"இதையும் போடட்டுமா?"

"போடு."

"குரல் ரொம்ப நடுங்குதும்மா. அதை எடுத்துடலாம், சுலபம். எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நடுங்காத மாதிரியே கேக்கும்."

அவள் விரல் பொத்தான்மேல் காத்திருந்தது.

"வேணாம்" என்றேன். "அது அப்படித்தான் இருந்தது."